அருளானந்த சுவாமியின் சுத்தபோசனம்



தபசு காலம் நெருங்கி வருகிறது. விபூதிப் புதன்கிழமை காலையில் நெற்றியில் சாம்பலோடு பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் அநேகர். அன்றைக்குத்தான் ஒருசந்தியும் சுத்தபோசனமும் நமக்கு நினைவுக்கு வருகின்றன. முட்டை கூடுமா, மீன் கூடுமா, கருவாட்டுக் குழம்பு கூடுமா, இரவு ஷிப்டு பார்க்கிறவன் ஒருசந்தி பிடிக்க வேண்டுமா என்றெல்லாம் விசாரிக்கிறீர்கள். இவை நல்ல கேள்விகளே. இவற்றுக்குச் சட்டப்படி விடை உண்டு. கீழே அதையும் சொல்லுகிறேன். ஆனால் சட்டத்தைப் படிக்குமுன், நம் தமிழ் மண்ணில் சுத்தபோசனமே வாழ்வாக வாழ்ந்து, ஒரு விபூதிப் புதனன்று உயிரைக் கொடுத்த ஒரு குருவானவரின் சரித்திரத்தைக் கேளுங்கள். அவர்தான் அர்ச்சியசிஷ்ட அருளானந்தர். நம்மில் சிவகங்கைச் சீமையிலும் இராமநாதபுரத்திலும் இருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பங்களுக்கு அவர் அந்நியரல்ல. அருளானந்து என்றும் பிரிட்டோ என்றும் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பெயருக்குரியவர் என்ன சாப்பிட்டார், ஏன் அப்படிச் சாப்பிட்டார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா?

அவர் 1647-ம் வருஷம் மார்ச் மாதம் 1-ந் தேதி போர்த்துக்கல் நாட்டு லிஸ்பன் நகரில் பிறந்தார். ஜான் தே பிரிட்டோ என்பது அவர் பெயர். குடும்பம் உயர்ந்த பிரபுக்கள் குடும்பம். தகப்பனார் அந்நாட்டு அரசரால் பிரேசில் தேசத்துக்கு அதிகாரியாக அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். தாயார்தான் பிள்ளைகளை வளர்த்தார். சிறுவன் ஜான் அரண்மனையில் இளவரசர்களோடு கூடவே வளர்ந்தான். பின்னாளில் அரசரான பேத்ரோ அவனுக்குப் பிள்ளைப் பருவத் தோழர். அரண்மனைப் பந்தியில் என்னென்ன பரிமாறுவார்கள் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே பிற்காலத்தில் அவர் விட்டது, கிடைக்காததை அல்ல; கையெட்டும் தூரத்தில் இருந்ததை.

பதினோரு வயதளவில் சிறுவன் கடும் நோயில் விழுந்தான். மகன் பிழைத்தால் ஒரு வருஷம் சேசு சபையாரின் அங்கியை உடுத்தி வைப்பதாக அந்தத் தாய் அர்ச். சவேரியாருக்கு நேர்ந்துகொண்டார். மகன் பிழைத்தான், நேர்ச்சையும் நிறைவேறிற்று. ஆனால் தாய் ஒரு வருஷத்துக்கென்று உடுத்திய அங்கியை மகன் ஆயுளுக்கும் கேட்டான். 1662 டிசம்பரில், பதினைந்து வயதில், சேசு சபையில் சேர்ந்தான். 1673-ல் குருப்பட்டம் பெற்ற கையோடு இந்தியாவுக்குக் கப்பல் ஏற ஆயத்தமானார். அப்போது தடுத்தவர் அந்தத் தாய்தான். பெரியவர்களிடத்திலெல்லாம் போய் மன்றாடிப் பார்த்தார். பிள்ளையை வேலைக்காகத் தூர தேசத்துக்கு அனுப்பிவிட்டு, கதவடியில் நின்று வழி பார்க்கிற தாய்மார் நம் பங்கில் உண்டு. அந்தத் தாயின் வேதனை உங்களுக்கு விளங்கும். முடிவில் அவர் கண்ணீரோடு மகனைச் சர்வேசுரனுக்குக் கொடுத்தார். தபசு காலத்தில் நாம் விடுகிற கறிச்சோற்றை இந்தத் தாய் விட்டதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதே வருஷம் செப்டம்பரில் கோவாவில் இறங்கினார். மறு வருஷம், 1674-ல், மதுரை மிஷனுக்கு வந்து சேர்ந்தார். அக்காலத்து மதுரை மிஷன் என்பது இன்றைய மதுரை நகரம் மாத்திரமல்ல. தஞ்சை, செஞ்சி, மறவ நாடு, நம் கொங்கு நாட்டுச் சத்தியமங்கலம் எல்லாம் அதில் அடங்கும். அங்கே வேதபோதகம் செய்ய வந்த குருமாருக்கு ஒரு பெரிய இடறல் இருந்தது. கடற்கரைத் துறைமுகங்களில் குடியேறிய ஐரோப்பியரைத் தமிழர் பரங்கிகள் என்று அழைத்தார்கள். பரங்கி என்றால் மாட்டிறைச்சி தின்பவன், மது குடிப்பவன், சுத்தம் அறியாதவன் என்பதே ஊரார் எண்ணம். அப்படிப்பட்டவன் வாயிலிருந்து வருகிற வேதம் எப்படிப்பட்டதாய் இருக்கும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இந்த இடறலை முதலில் கண்டுணர்ந்தவர் தத்துவ போதகர் என்று பெயர் பூண்ட ராபர்ட் தே நோபிலி சுவாமி. 1606-ல் மதுரைக்கு வந்த அவர் மாமிசத்தையும் மதுவையும் அடியோடு தள்ளி, சந்நியாசியாக வாழ்ந்தார். ஆனால் சந்நியாசியாக வாழ்ந்தவர் சாதாரண ஜனங்களோடு தாராளமாய்ப் பழக அக்கால வழக்கம் இடம் கொடுக்கவில்லை. ஆகையால் 1640-ல் பல்தசார் தா கோஸ்தா சுவாமி பண்டார சுவாமியாக வேறொரு வழியைத் தொடங்கினார். பண்டாரங்கள் எல்லா ஜனங்களிடத்திலும் போய்வரலாம். ஜான் சுவாமியும் இந்த வழியையே தெரிந்துகொண்டார். காவித் துணி உடுத்தி, தலையில் பாகை கட்டி, கையில் கோல் பிடித்து, அருளானந்தர் என்ற பெயரோடு ஊர் ஊராக நடந்தார்.

இனி அவருடைய ஆகாரத்தைக் கேளுங்கள். இறைச்சி இல்லை; மீன் இல்லை; முட்டை இல்லை; மது இல்லை. சோறு, கீரை, காய்கறி, பருப்பு, கிடைத்தால் கொஞ்சம் பால் அல்லது மோர். இதுவும் வெள்ளிக்கிழமைக்கோ நாற்பது நாளைக்கோ அல்ல. ஞாயிறு, பாஸ்கு, கிறிஸ்துமஸ் எல்லா நாளும் இதுவே. வெயிலில் மைல் கணக்காய் நடந்து, இரவெல்லாம் ஜனங்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டு, மரத்தடியிலோ குடிசையிலோ படுத்து, காய்ச்சலோடு எழுந்திருந்த சரீரத்துக்கு இதுதான் உணவு.

இந்த இடத்தில் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். மாமிசம் அசுத்தம் என்றோ, அதைத் தின்பது பாவம் என்றோ திருச்சபை ஒருக்காலும் போதித்ததில்லை. அருளானந்தரும் அப்படி நினைத்து அதை விடவில்லை. சர்வேசுரன் உண்டாக்கியதெல்லாம் நல்லதென்று அவருக்குத் தெரியும். பிறகேன் விட்டார்? தாம் உண்ணுகிற ஒரு துண்டு இறைச்சி அயலானுடைய ஆத்துமத்துக்கும் சேசுநாதருக்கும் நடுவே சுவராக நிற்குமானால், அந்தத் துண்டு தமக்கு வேண்டாம் என்று விட்டார். தம் ஆத்துமத்தை மாத்திரம் நினைத்தல்ல, பிறத்தியாரை நினைத்து விட்டார். சுத்தபோசனத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் என்ன இருக்க முடியும்?

1685-ல் அவர் மதுரை மிஷனுக்குத் தலைவரானார். மறு வருஷம் மறவ நாட்டுக்குள் போனார். அங்கே வேதம் போதிக்கக் குருக்களுக்கு ஆபத்து மிகுந்திருந்தது. 1686 ஜூலையில் அவரையும் உபதேசிமாரையும் பிடித்து அடித்தார்கள், நீரில் அமுக்கினார்கள், வெயிலில் காய்ந்த கரடுமுரடான பாறையில் கிடத்தி மிதித்தார்கள். மரண தீர்ப்பும் ஆயிற்று. ஆனால் கிழவன் சேதுபதி அவரை இராமநாதபுரத்துக்கு வரவழைத்து, அவர் போதிக்கிற கற்பனைகளின் விளக்கத்தைத் தாமே கேட்டு, குற்றம் ஒன்றும் காணாமல் விடுதலை செய்தார். தமது நாட்டில் இனி போதிக்கக் கூடாது என்று மாத்திரம் உத்தரவிட்டார்.

அதன் பிறகு மேலதிகாரிகள் மிஷன் காரியமாக அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1687-ல் லிஸ்பன் போய்ச் சேர்ந்தார். பிள்ளைப் பருவத் தோழர் பேத்ரோ இப்போது சிங்காசனத்தில் இருந்தார். அரண்மனை வாசல் அவருக்குத் திறந்திருந்தது. ஆனால் அருளானந்தர் அங்கேயும் தமிழ் நாட்டு ஆகாரத்தை விடவில்லை. இறைச்சியும் மதுவும் தொடவில்லை. கட்டிலை விட்டுத் தரையில் படுத்தார். அங்கே அவரைப் பரங்கி என்று யாரும் பழிக்கப்போவதில்லை. இடறல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனாலும் ஏன் விடவில்லை? கீரையும் சோறும் உண்டு தம்மை எதிர்பார்த்திருக்கிற ஜனங்களை மறக்க அவர் மனம் இடம் கொடுக்கவில்லை. பந்தியில் உட்கார்ந்தாலும் மனம் மறவ நாட்டில் இருந்தது. அரசர் தம் மகனுக்கு ஆசிரியராக இருந்துவிடச் சொல்லி வற்புறுத்தினார். அதற்கும் இணங்காமல் 1690-ல் மறுபடி கப்பல் ஏறினார்.

ஊரை விட்டு வந்த குடும்பங்களே, இதைச் சற்று யோசியுங்கள். சொந்த ஊரில் கோவில், பாட்டி, பெரியப்பா, ஊர்க்கண் எல்லாம் இருந்தபோது வெள்ளிக்கிழமை தவறாமல் சுத்தபோசனம் காத்தோம். இங்கே வந்து, நம்மை யாரும் பார்க்காத லைன் வீட்டில், அந்த வழக்கம் எங்கே போயிற்று? அருளானந்தரோ கேட்பார் இல்லாத இடத்திலும் காத்தார். ஒருவன் மனதார வைத்துக்கொண்ட விரதமா, ஊருக்குப் பயந்து இருந்த விரதமா என்பது ஊர் மாறும்போது வெளிப்பட்டுவிடும்.

1691-ல் அவர் மறுபடியும் மறவ நாட்டில் நுழைந்தார். திரளான ஜனங்கள் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். அவர்களில் ஒருவர் தடியத் தேவர். அரச வம்சத்தைச் சேர்ந்த செல்வாக்குள்ளவர். தீராத நோயில் கிடந்த அவருக்கு ஓர் உபதேசியார் போய் ஜெபிக்க, அவர் சுகமடைந்தார். சுகமடைந்ததும் ஞானஸ்நானம் கேட்டார். ஆனால் அவருக்கு மனைவிகள் பலர். அருளானந்தர் முகத்தாட்சண்யம் பார்க்கவில்லை. ஒரே மனைவியோடு வாழ்வதானால் ஞானஸ்நானம். இல்லையேல் இல்லை என்று தெளிவாய்ச் சொல்லிவிட்டார். தடியத் தேவரும் சம்மதித்து, முதல் மனைவியை மாத்திரம் வைத்துக்கொண்டு, 1693 ஜனவரி 6-ந் தேதி, மூன்று இராசாக்கள் திருநாளன்று, ஞானஸ்நானம் பெற்றார்.

அந்தப் பிரபு விட்டது மாமிசமல்ல. தம் வீட்டையும், தம் பெருமையையும், தம் இஷ்டத்தையும் மாற்றிக்கொண்டார். சாப்பாட்டை விடுவது சுலபம். வாழ்க்கையில் வேர் விட்டதைப் பிடுங்குவதுதான் கடினம். தள்ளப்பட்ட மனைவிகளில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். அவர் போய் முறையிட்டார். அந்தப் பெண்ணின் வருத்தத்தை நாம் இளக்காரமாய்ப் பேசத் தகாது. ஒருவருடைய மனந்திரும்புதலால் வீட்டில் மற்றவருக்கும் வலி உண்டாகும் என்பதை அருளானந்தர் அறியாதவரல்ல. அந்த வலியின் பலன் தம் தலைமேல் விழும் என்றும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் சத்தியத்தை விலை குறைத்துச் சொல்லவில்லை, ஓடி ஒளியவுமில்லை.

ஞானஸ்நானம் நடந்து இரண்டே நாளில், ஜனவரி 8-ந் தேதி, அவரைப் பிடித்தார்கள். கட்டி நடத்தி இராமநாதபுரம் கொண்டுபோய்ச் சிறையில் வைத்தார்கள். ஊரறியக் கொன்றால் கலகம் உண்டாகும் என்று கருதி, வடக்கே ஓரியூரில் இருந்த சேதுபதியின் சகோதரனிடம் அனுப்பினார்கள். இந்த ஓரியூர் இன்றைய இராமநாதபுரம் மாவட்டத்துத் திருவாடானைத் தாலுகாவில் இருக்கிறது. பெப்ரவரி 3-ந் தேதி, சாவுக்கு முந்தின நாள், சிறையிலிருந்து அவர் கடிதம் எழுதினார். மை இல்லை, கரியை நீரில் குழைத்துக்கொண்டார். எழுதுகோல் இல்லை, ஒரு துரும்பை வைத்து எழுதினார். பயமோ புலம்பலோ அதில் இல்லை.

மறுநாள் பெப்ரவரி 4. பாம்பாற்றங்கரையில் ஒரு மேட்டுக்கு அவரை நடத்திப் போனார்கள். முழந்தாளிட்டு ஜெபித்தார். வெட்ட வந்தவனைத் தழுவிக்கொண்டார். தலை வெட்டுண்டது. கைகால்களையும் துண்டித்து, உடலைக் கழுமரத்தில் கட்டிவிட்டார்கள். அவருக்கு நாற்பத்தாறு வயது நிறைய ஒரு மாதம்கூட இல்லை. அவருடைய இரத்தத்தால் சிவந்தது என்று நம்பி, அந்த மேட்டுச் செம்மண்ணை இன்றும் ஜனங்கள் பக்தியோடு எடுத்துப் போகிறார்கள். 1853-ல் 9-ம் பத்திநாதர் பாப்பரசர் அவருக்கு முத்திப்பேறு பட்டமும், 1947 ஜூன் 22-ந் தேதி 12-ம் பத்திநாதர் பாப்பரசர் அர்ச்சியசிஷ்ட பட்டமும் அளித்தார்கள்.

அவர் திருநாள் பெப்ரவரி 4. பெரும்பாலும் அது தபசு காலத்துக்கு முன்னே வந்து போய்விடுவதால் ஒரு விஷயம் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. 1693-ல் பாஸ்குத் திருநாள் மார்ச் 22-ல் வந்தது. அதற்கு முன்னே பாஸ்கு வருவதற்குக் கணக்கிலே இடமில்லை. ஆகவே அந்த வருஷம் விபூதிப் புதன் பெப்ரவரி 4-ந் தேதியாயிற்று. அதாவது, உலகமெங்கும் குருக்கள் விசுவாசிகளின் நெற்றியில் சாம்பல் பூசி, மனிதன் மண்ணென்று நினைப்பூட்டிய அதே நாளில், அருளானந்தர் ஓரியூர் மண்ணில் விழுந்தார். 1818-ல் பெப்ரவரி 4-ந் தேதி விபூதிப் புதன் வந்தது. இனி 2285-ல்தான் வரும். மற்றவர்களுக்குத் தபசு காலம் தொடங்கின நாளில் அவருக்குத் தபசு முடிந்தது, பாஸ்கு தொடங்கிற்று.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஒருசந்தி என்றால் ஒரு சந்தி, அதாவது ஒரு வேளை. நாளில் ஒரு வேளை மாத்திரம் வயிறார உண்பது. மற்ற இரு வேளையும் கொஞ்சமாய் எடுத்துக்கொள்ளலாம். சுத்தபோசனம் என்றால் இறைச்சியை விலக்குவது. மீனும் முட்டையும் பாலும் விலக்கல்ல. முற்காலத்தில் தபசு காலம் முழுவதும் ஞாயிறு நீங்கலாக ஒருசந்தி இருந்தது. 1966-ல் 6-ம் சின்னப்பர் பாப்பரசர் அந்தச் சட்டத்தை இலகுவாக்கினார். இப்போதைய 1983-ம் வருஷத்துத் திருச்சபைச் சட்டப்படி, விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தியும் சுத்தபோசனமுமான நாட்கள். வெள்ளிக்கிழமைகள் சுத்தபோசன நாட்கள். அதற்குப் பதிலாக வேறு தபசோ தர்மமோ செய்ய அந்தந்த நாட்டு மேற்றிராணிமார் ஏற்பாடு செய்யலாம். பதினாலு வயது நிறைந்தவர்களைச் சுத்தபோசனம் கட்டுப்படுத்தும். பதினெட்டு வயது நிறைந்தவர்கள் அறுபதாம் வயது தொடங்கும் வரையில் ஒருசந்தி இருக்கவேண்டும்.

நோயாளிகள், கர்ப்பவதிகள், பால் கொடுக்கிற தாய்மார், உடம்பு முறிய உழைக்கிறவர்கள் ஒருசந்திக்குக் கட்டுப்பட்டவர்களல்ல. சாயப் பட்டறையில் ஆவிக்கும் சூட்டுக்கும் நடுவே பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறவர் பட்டினி கிடந்து மயங்கி விழும்படி திருச்சபை கேட்கவில்லை. விடுதியில் தங்கி, போட்டதைச் சாப்பிட்டு ஓவர்லாக் மிஷினில் உட்காருகிற பெண்பிள்ளைகளும், ஜார்க்கண்டு, ஒடிசா பக்கத்திலிருந்து வந்து நம்மோடு பூசை காண்கிற பிள்ளைகளும், வேறு ஆகாரம் கிடைக்காதபோது மனச்சாட்சியை வதைத்துக்கொள்ள வேண்டாம். அவர்களுக்கு வேறு தபசு இருக்கிறது. பொறுமையே அவர்கள் தபசு.

ஆனால் கிடைக்கிறவர்களுக்குச் சொல்லுகிறேன். வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறியை விட்டு, அதைவிட இரட்டிப்பு விலைக்கு வஞ்சிர மீனும் இறாலும் வாங்கி வறுத்தால் சட்டம் நிறைவேறலாம், தபசு நிறைவேறாது. கறிக்கடைக்குக் கொடுக்காத பணம் பெட்டியில் தங்கினால் அது தபசல்ல, சிக்கனம். அந்தப் பணம் பக்கத்து வீட்டில் வேலையில்லாமல் கிடக்கிறவர் அடுப்பைப் பற்றவைத்தால்தான் தபசு. சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வராமல் சாராயக் கடைக்குப் போகிற தகப்பன், வெள்ளிக்கிழமை கறி தின்னவில்லை என்று சொல்லிக்கொள்வதில் மனைவி பிள்ளைகளுக்கு என்ன ஆறுதல்? அருளானந்தர் இறைச்சியோடு மதுவையும் சேர்த்தே விட்டார் என்பதை அந்தத் தகப்பன்மார் மறக்கவேண்டாம். நாற்பது நாள் அதை விட்டுப் பாருங்கள். பாஸ்குத் திருநாளில் உங்கள் வீடே உங்களுக்குச் சாட்சி சொல்லும்.

நம் அயலாரையும் பாருங்கள். புரட்டாசி சனிக்கிழமையிலும் கார்த்திகை மாதத்திலும் இறைச்சியைத் தொடாத இந்துக்களோடு ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் குடியிருக்கிறோம். ரமலானில் பகலெல்லாம் தண்ணீரும் குடியாமல் தையல் மிஷினில் உட்காருகிற இஸ்லாமியரோடு ஒரே மேசையில் வேலை செய்கிறோம். விரதம் என்றால் என்னவென்று அவர்களுக்கு நன்றாய்த் தெரியும். பெரிய வெள்ளியன்று நம் வீட்டிலிருந்து கறி மணம் போனால் நம் வேதத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? அருளானந்தர் அயலார் கண்ணுக்கு இடறலாகக் கூடாதென்று வாழ்நாள் முழுவதும் விட்டதை, நாம் நாற்பது நாளில் சில நாளாவது விடக் கூடாதா?

ஆகவே இந்தத் தபசு காலத்துக்கு ஒவ்வொரு குடும்பத்துக்கும் மூன்று காரியம் சொல்லுகிறேன். வெள்ளிதோறும் வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சுத்தபோசனம் காத்து, ஏன் காக்கிறோம் என்று பிள்ளைகளுக்கு விளங்கச் சொல்லுங்கள். மிச்சமான பணத்தைத் தனியே ஒரு டப்பாவில் போட்டு, பெரிய வாரத்தில் உங்கள் கண்ணுக்குத் தெரிந்த ஓர் ஏழைக்கு உங்கள் கையாலேயே கொடுங்கள். மூன்றாவது, தடியத் தேவரைப் போல, மாமிசத்தைவிடக் கடினமான ஒன்றை, இதுவரை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருக்கிற ஒன்றை, விட்டுவிடுங்கள். அது என்னவென்று உங்கள் மனச்சாட்சிக்குத் தெரியும்.

விபூதிப் புதனன்று பூசைக்கு வந்து நெற்றியில் சாம்பல் பெற்றுக்கொள்ளும்போது, அதே நாளில் ஓரியூர் மண்ணைத் தம் இரத்தத்தால் நனைத்தவரை நினையுங்கள். அர்ச்சியசிஷ்ட அருளானந்தர் நம் குடும்பங்களுக்காகவும், நம் கம்பெனிகளில் உழைக்கிற சகலருக்காகவும் சேசுநாதரிடம் மன்றாடுவாராக.